மேடு ஏறாத வண்டி

இப்பக் கை வெக்க முடியாதுங்க. அடியில கொதியாக் கொதிக்குது. ஒரு மணி நேரமாவது ஆறட்டும். உட்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்லை. இதுல உட்காருங்க.

நீங்க சொன்னதை வெச்சே எனக்குப் பாதி தெரிஞ்சு போச்சு. சமதளத்துல ஓடுது, மேடு ஏறினா செத்துப் போகுது. ஆக்சிலேட்டரை அமுக்கினா சத்தம்தான் வருது, வேகம் வரலை. பின்னாடி புகைக்குழாய்ல கை வெச்சுப் பார்த்தேன், காத்து சும்மா பேருக்கு வருது. அடைப்புங்க. சைலன்சர் லைன்ல என்ஜினுக்குப் பக்கத்துல ஒரு டப்பா இருக்கும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்னு பேரு. உள்ளே தேன்கூடு மாதிரி பொடிப்பொடியா ஓட்டை. புகை பூராவும் அது வழியாத்தான் வெளியே போகணும். வண்டிக்கு வயசாகி ஆயிலைக் குடிக்க ஆரம்பிச்சா அந்த ஓட்டையெல்லாம் கரி ஏறி மூடிக்கும். விட்ட மூச்சு வெளியே போகாது. மூச்சை விட முடியாதவன் மறுபடி எப்படிங்க இழுப்பான்? அவ்வளவுதான் விஷயம்.

டப்பா கோயமுத்தூர்ல இருந்து வரணும். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்.

ஆனா நீங்க ஒண்ணு சொன்னீங்க பாருங்க. "டப்பாவுக்கு முன்னாடி ஒரு சென்சார் இருக்காமே, அதைக் கழட்டி விட்டா வண்டி இழுக்குமாமே, கோத்தகிரி போயிட்டு ரெண்டு நாள்ல வர்றேன்"னு. இழுக்குமுங்க. நல்லாவே இழுக்கும். சென்சார் இருந்த ஓட்டை வழியா புகை வெளியேறிடும், என்ஜினுக்கு மூச்சு கிடைச்சிரும். அடைப்பு அங்கதான் இருக்குதுன்னு உறுதி பண்ணறதுக்கே நாங்க அப்படித்தான் கழட்டிப் பார்ப்போம். பார்த்துட்டு மாட்டிருவோம். அப்படியே ஓட்ட விட மாட்டேன். நீங்க கோவிச்சாலும் சரி, வேற பட்டறைக்குப் போனாலும் சரி.

சொல்றனுங்க. எப்படியும் ஆற நேரம் ஆகும்.

ஆறு வருஷம் ஆச்சுங்க. கார்த்திகை மாசம். அந்த வருஷம் மழையும் பனியும் விடாம இருந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஒரு வெள்ளை வண்டி, பதினஞ்சு வருஷத்து வண்டி, அந்த வளைவுல இருந்து பின்பக்கமாவே மெதுவா உருண்டு வந்து என் வாசல்ல நின்னுச்சு. ஓட்டிட்டு வந்தது ஒரு அம்மா. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். பதட்டமே இல்லை. மேடு ஏற மாட்டேங்குதுன்னு தெரிஞ்சதும், பிரேக்கை விட்டு விட்டு அரை கிலோமீட்டர் ரிவர்ஸ்ல இறக்கிட்டு வந்திருக்காங்க. எனக்கு அப்பவே அவங்க மேல ஒரு மரியாதை வந்துருச்சு.

மரகதவல்லி டீச்சர். கோத்தகிரியில ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். பின் சீட்ல அவங்க வீட்டுக்காரர், கிருபாகரன் சார். தேயிலைத் தொழிற்சாலையில ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அன்னைக்கு அவருக்குக் கண் பரிசோதனை, கோயமுத்தூர் போயிட்டுத் திரும்பி வர்றாங்க. கண்ணுல மருந்து விட்டதால கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு உட்கார்ந்திருந்தாரு. இறங்கி வந்து என்கிட்ட முதல்ல என்ன சொன்னாருன்னு நினைக்கறீங்க?

"சென்னியப்பனா நீங்க? போர்டுல பேரைப் படிக்க முடியலை, எங்க வீட்டம்மா படிச்சுச் சொன்னா. நாலு மெக்கானிக் பார்த்தாச்சு. நீங்க அஞ்சாவது. நீங்களும் பிளக் மாத்தணும்னு சொன்னீங்கன்னா நான் வண்டிக்கே பொட்டு வெச்சு வழியனுப்பிடுவேன்."

அப்படிப்பட்ட ஆள். சிரிக்காம சொல்லுவாரு.

நாலு பேரும் என்ன பண்ணியிருந்தாங்க தெரியுங்களா? ஒருத்தன் பிளக் மாத்தியிருக்கான். ஒருத்தன் பெட்ரோல் பம்ப். ஒருத்தன் கிளட்ச் பூராவும் இறக்கி புதுசு போட்டிருக்கான். இன்னொருத்தன், மலையில காத்து கம்மி, அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பியிருக்கான். பிறந்ததுல இருந்து மலையில இருக்கறவங்ககிட்ட!

நான் பானட்டைத் திறக்கலைங்க. பின்னாடி போய்ப் புகைக்குழாய்ல கை வெச்சேன். காத்து இல்லை. டீச்சரை ஆக்சிலேட்டர் மிதிச்சு என்ஜின் சுத்தை மூவாயிரத்துல பிடிக்கச் சொன்னேன். பிடிச்ச இடத்துல நிக்காம என்ஜின் தானா அடங்கிட்டே வந்துச்சு. அடியில குனிஞ்சு பார்த்தா அந்த டப்பா பட்டப்பகல்லயே மங்கலாச் சிவந்து தெரியுது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நாலு பேர் கண்டுபிடிக்காததை நான் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்கேன். நான் கண்டுபிடிச்சதுல தப்பில்லைங்க. அதை மட்டும் இப்பவும் சொல்லுவேன். யாரைக் கூட்டிட்டு வந்து வேணா காட்டுங்க. தப்பில்லை.

ஆற விட்டு, சென்சாரைக் கழட்டினேன். துரு ஏறி இருந்துச்சு, அரை மணி நேரம் எண்ணெய் விட்டு விட்டுக் கழட்டினேன். ஒயரோட சேர்த்து ஓரமாக் கம்பியில கட்டி விட்டேன். ஸ்டார்ட் பண்ணினா டபடபன்னு டிராக்டர் மாதிரி சத்தம். டீச்சரை ஓட்டச் சொல்லி, நான் பக்கத்துல உட்கார்ந்து, குஞ்சப்பனை போற மேட்டுல ஒரு ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு வந்தேன். இழுத்துச்சு பாருங்க! மூணாவது கியர்ல, அந்தக் கொண்டை ஊசி வளைவுல, ஒரு லாரியைத் தாண்டினோம். டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாங்க. "ஒன்றரை வருஷம் ஆச்சு சென்னியப்பன், இந்த வளைவுல ரெண்டாவது கியரைத் தாண்டி"ன்னாங்க.

அந்தச் சிரிப்பை நான் பார்க்காம இருந்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் அவங்க கேட்டாங்க. அவங்கதான் கேட்டாங்க, நான் மறைக்கலை. "டப்பா வர ரெண்டு நாள் ஆகும்ங்கறீங்க. வண்டியை இங்க விட்டுட்டு நாங்க பஸ்ல போயிடட்டுமா?"

பஸ் ஸ்டாண்டு இங்கிருந்து பத்து நிமிஷம். மணிக்கு ரெண்டு பஸ்.

"எதுக்கு டீச்சர்? சாருக்குக் கண்ணு வேற சரியாத் தெரியலை. இப்படியே ஓட்டிட்டுப் போங்க. ஒரு மணி நேரந்தானே. நாளன்னிக்கு இறங்கி வாங்க, மாட்டிக் குடுத்துடறேன்."

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு ஆறு வருஷமா யோசிச்சிருக்கேன். சார் மேல அக்கறைன்னு ரொம்ப நாள் நினைச்சேன். அது இல்லைங்க. அந்த நாலு பேர் கையில தோத்துப்போன வண்டி, என் கை பட்டதும் மலை ஏறிப் போகணும். கோத்தகிரியில நாலு பேர் கேக்கணும், யார் பார்த்தாங்கன்னு. அதுக்குத்தான்.

கிளம்பறப்ப சொன்னேன். சத்தம் வரும் டீச்சர், பயப்படாதீங்கன்னேன். மீட்டர்ல மஞ்சள் லைட் எரியும், கண்டுக்காதீங்கன்னேன். கண்ணாடியை இறக்கி வெச்சுக்கங்கன்னேன். ஆமாங்க. சொன்னேன். புகை வெளியே வர்ற வண்டி, கண்ணாடியை இறக்கி வெக்கச் சொல்ல மாட்டேனா? முப்பது வருஷ அனுபவம்.

போனாங்க. சார் பின் சீட்ல இருந்து கை காட்டினாரு, எதிர்ப்பக்கமா. நான் எங்க நிக்கறேன்னு அவருக்குத் தெரியலை.

அன்னைக்கு சாயந்தரம் மலையில ஒரு மரம் விழுந்து ரோடு அடைச்சுக்கிச்சு. பெரிய மரம். அறுத்து எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிருக்கு. பனி, சாரல். வரிசையா வண்டி நின்னிருக்கு. கொஞ்சங் கொஞ்சமா நகர்ந்துட்டே இருந்ததால டீச்சர் என்ஜினை அணைக்கலை. மேட்டுல அணைச்சா மறுபடி கிளம்புமோ கிளம்பாதோன்னு பயம், அவங்க வண்டியோட பழக்கம் அப்படி. சார் பின்னாடி சால்வையைப் போத்திட்டுப் படுத்துட்டாரு. வீட்டு வாசல்ல போய் நிறுத்திட்டு, "வந்தாச்சுங்க, எந்திரிங்க"ன்னு கூப்பிட்டிருக்காங்க.

அவரு எந்திரிக்கலை.

ஆஸ்பத்திரியில மாரடைப்புன்னுட்டாங்க. ஏற்கெனவே பிரஷர் இருந்த ஆள், அறுபத்திரண்டு வயசு, தூக்கத்துல போயிட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. டீச்சருக்கும் அன்னைக்குத் தலை சுத்தல், வாந்தி. அதிர்ச்சியில இருக்கும்னு எல்லாரும் நினைச்சாங்க. நினைக்காம? யாருக்குத் தோணும்?

எனக்கு மறுநாள் காலையில பஸ் டிரைவர் ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுது. உடனே பஸ் ஏறினேன். போற வழியில எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லைங்க, சத்தியமாச் சொல்றேன். நல்ல மனுஷன், நேத்துத்தான் பார்த்தோம், ஒரு மாலை போட்டுட்டு வருவோம்னுதான் போனேன்.

முற்றத்துல படுக்க வெச்சிருந்தாங்க. கூட்டம். ஒரு அம்மா பக்கத்துல நின்னு சொல்லிட்டு இருந்தது, "முகத்துல என்ன களை பாருங்க, தூங்கற மாதிரியே இருக்காரு, கன்னமெல்லாம் ரோஜாப்பூ மாதிரி." நான் எட்டிப் பார்த்தேன்.

செத்தவங்க முகம் வெளிறிப் போகும்ங்க. இவரு முகம் சிவந்து இருந்துச்சு. காது மடல், உதடு, நகக்கண்ணு எல்லாம்.

அந்த நிறத்தை நான் அதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கேன். சின்ன வயசுல கோயமுத்தூர்ல ஒரு பட்டறையில இருந்தேன். மார்கழிக் குளிர்ல, ஷட்டரை இறக்கிட்டு, வண்டியை ஓட விட்டு ஹீட்டர் போட்டு உள்ளேயே தூங்கின ஒரு டிரைவர். நாங்கதான் கதவைத் திறந்தோம். இதே சிவப்பு. அந்த விஷப்புகைக்கு வாசனை கூட வேண்டியதில்லைங்க, அது பாட்டுக்கு ரத்தத்துல ஏறும். தூக்கம் வரும். அவ்வளவுதான்.

மாலையைப் போட்டேன். டீச்சர் என்னைப் பார்த்துட்டு, "வண்டி நல்லா இழுத்துச்சு சென்னியப்பன். ஒரு வளைவுல கூட நிக்கலை. அவரு உங்களைப் பத்தித்தான் பேசிட்டு வந்தாரு"ன்னாங்க. சாவு வீட்டுல, அழுதுட்டே, எனக்கு நன்றி சொல்றாங்க.

அங்க சொல்லியிருக்கணும். நூறு பேர் நின்னாங்க. எப்படிங்க சொல்லுவேன்? நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, டீச்சரோட தம்பி வண்டியைக் கொண்டு வந்து விட்டாரு. "பாதியில நிக்கற வேலையாமே, அக்கா முடிச்சு வாங்கிட்டு வரச் சொன்னாங்க"ன்னாரு. நான் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பார்க்காம இருக்க முடியலை. அதுக்கு அடியில தரைத் தகட்டுல ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கும், தண்ணி போறதுக்கு. அது எப்பவோ விழுந்து போயிருந்துச்சு. சுத்தித் துரு அரிச்சு, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. நேரா சாரோட தலைக்குக் கீழே. முன்னாடி சென்சார் ஓட்டையில வந்த புகை, வண்டி நின்ன இடத்துல அடியிலேயே தேங்கி, அது வழியா மேல வந்திருக்கு.

புது டப்பா போட்டேன். சென்சாரை மாட்டினேன். தரைக்குத் தகடு வெச்சு வெல்டிங் அடிச்சு, மேல தார் பூசினேன். வேலை சுத்தமா இருந்துச்சு. வேலையைச் சுத்தமாத்தான் செய்வேன் நான்.

ஆமாங்க, நீங்க நினைக்கறது புரியுது. அதை மறைக்கறதுக்குன்னு செய்யலை. துரு இருந்தா அடைக்கறதுதானே மெக்கானிக் வேலை?

அதுக்கப்புறம் அந்த வண்டி வருஷா வருஷம் என்கிட்டத்தான் வந்துச்சு. டீச்சரே ஓட்டிட்டு வருவாங்க. அவங்க தோட்டத்துப் பேரிக்காய் ஒரு பை நிறைய கொண்டு வருவாங்க. வர முடியாத வருஷம் பஸ் டிரைவர்கிட்டக் குடுத்து விடுவாங்க. நான் ஒண்ணு கூடத் தின்னதில்லை. பக்கத்து டீக்கடையில குடுத்துடுவேன். ஆனா ஒவ்வொரு தடவையும், "இனிப்பா இருந்துச்சு டீச்சர்"னு சொல்லுவேன்.

ஒவ்வொரு வருஷமும் ஆள் இளைச்சுட்டே வந்தாங்க. மூணாவது வருஷமோ என்னமோ, நான் ஆயில் மாத்திட்டு இருக்கேன், அவங்க பேச்சோட பேச்சாச் சொன்னாங்க.

"அன்னைக்குக் காலையில கோயமுத்தூர் கிளம்பற அவசரத்துல அவருக்குப் பிரஷர் மாத்திரை குடுக்க மறந்துட்டேன் சென்னியப்பன். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்துல ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள்."

நான் வண்டிக்கு அடியில இருந்தேன்.

"நிரஞ்சன் கேட்டுட்டான். காரியம் முடிஞ்ச அன்னைக்கே கேட்டுட்டான். ஒரு மாத்திரையை ஞாபகமாக் குடுக்க முடியலையாம்மான்னு. கோவத்துல கேட்டான்தான். ஆனா அதுக்கப்புறம் போன் பண்ணினா சாப்பிட்டியா, தூங்கினியான்னு ரெண்டு வார்த்தை. வர்றதில்லை."

நிரஞ்சன் அவங்க பையன். பெங்களூர்ல வேலை. ஒரே பையன்.

அன்னைக்கு வண்டிக்கு அடியில எவ்வளவு நேரம் படுத்திருந்தேன்னு தெரியலை. ஆயில் எல்லாம் வடிஞ்சு, சொட்டறதும் நின்னு போச்சு. டீச்சர் குனிஞ்சு, "என்னாச்சு, ஏதாவது பெரிய ரிப்பேரா?"ன்னாங்க. "வண்டியில ஒண்ணுமில்லை டீச்சர்"னேன். பாருங்க, வண்டியைப் பத்திக் கேட்டா வண்டியைப் பத்தி மட்டும் பதில் சொல்லிட்டேன்.

அந்தச் சிவந்த முகம் எனக்குக் கனவுல வரலைங்க. சினிமாவுல காட்டற மாதிரி இல்லை. பகல்லதான் வரும். யாராவது ஒருத்தர் வண்டியில பின் சீட்ல சாஞ்சு தூங்கறதைப் பார்த்தா, நின்னு அவங்க நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்துட்டுத்தான் நகர்வேன். சிக்னல்ல ஒரு தடவை ஒரு கார்க் கண்ணாடியைத் தட்டி ஒரு பெரியவரை எழுப்பி விட்டுட்டேன். அவரு பையன் அடிக்க வந்துட்டான். என் சம்சாரம் அதுல இருந்து என்கூட வெளியே வர்றதில்லை.

இப்ப மூணு வாரத்துக்கு முன்னாடி டீச்சர் வந்தாங்க. பேரிக்காய் இல்லை. சாவியை என் கையில குடுத்தாங்க.

"இதுக்கு ஒரு ஆள் பாருங்க சென்னியப்பன். வித்துடலாம். நான் இனிமே ஓட்டலை."

"ஏன் டீச்சர்? கண்ணு தெரியலையா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் மேல எனக்கு நம்பிக்கை இல்லை. மாத்திரையை மறந்தவ, ஒரு நாளைக்கு பிரேக்கை மறந்துட்டா? எதிர்ல வர்றவன் என்ன பாவம் பண்ணினான்?"

சாதாரணமாச் சொன்னாங்க. கணக்கு டீச்சர் கணக்குச் சொல்ற மாதிரி. அரை கிலோமீட்டர் மலை ரோட்டுல ரிவர்ஸ்ல இறங்கி வந்த பொம்பளைங்க அது.

என்னால தாங்க முடியலை. சொல்லிட்டேன். "டீச்சர், மாத்திரையால இல்லைங்க"ன்னு ஆரம்பிச்சு, சென்சார், ஓட்டை, மரம் விழுந்தது, தரைத் தகடு, முகத்துச் சிவப்பு, ஒண்ணு விடாம. இந்தா, நீங்க உட்கார்ந்திருக்கற இடத்துலதான் அவங்க உட்கார்ந்திருந்தாங்க.

முதல்ல அவங்க என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "மாத்திரை இல்லையா? நிச்சயமா மாத்திரை இல்லையா?"

"இல்லை டீச்சர். ஒரு நாள் மாத்திரை போடாட்டி ஆள் சிவந்து போக மாட்டாங்க."

அழுதாங்க. அழுகையா சிரிப்பான்னே தெரியலை. "நிரஞ்சன்கிட்டச் சொல்லணும், உடனே சொல்லணும்"னு போனை எடுத்தாங்க, அது கை நழுவிக் கீழே விழுந்துச்சு. நான் எடுத்துக் குடுத்தேன். எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாறை இறங்கின மாதிரி இருந்துச்சுங்க. ஆகா, சொல்லிட்டோம், நல்ல காரியம் பண்ணிட்டோம்னு நினைச்சேன். என்னைத் திட்டவே இல்லை அவங்க. ஒரு வார்த்தை திட்டலை.

அப்புறம் போனைக் கையில வெச்சுட்டே என்னைப் பார்த்தாங்க. "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"சாவு வீட்டிலேயே தெரிஞ்சுதுங்க."

"ஆறு வருஷமாவா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் இங்க உட்கார்ந்து மாத்திரையைப் பத்திச் சொன்னேனே, அன்னைக்கும் தெரியுமா?"

அந்தப் பார்வையை என்னால சொல்ல முடியாதுங்க. கோவம் இல்லை. கோவம் இருந்தா தாங்கிக்கலாம். நான் யாரு, என்ன மாதிரி ஆள்னு புதுசாப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க. ஏதாவது சொல்லியாகணும். வாயில வந்துருச்சு.

"நான் அன்னைக்கே சொன்னேனே டீச்சர், கண்ணாடியை இறக்கி வெச்சுக்கங்கன்னு."

அவங்க முகம் அப்படியே நின்னு போச்சு.

"சொன்னீங்களா?"

"சொன்னேனே. கிளம்பறப்ப."

அப்புறம் மெதுவாச் சொன்னாங்க. "அவரு கேட்டாரு. மரம் அறுத்துட்டு இருந்தப்ப. தலை வலிக்குது மரகதம், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு, காத்து வரட்டும்னாரு. சாரல் அடிக்குது, சளி பிடிக்கும், பேசாமப் படுங்கன்னு நான்தான் சொன்னேன். என் பக்கம் மட்டும் ஒரு விரல் சந்து விட்டிருந்தேன், முன்கண்ணாடியில பனி பிடிக்குதுன்னு." அப்புறம், "சத்தம் வரும்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. கண்ணாடியைப் பத்தியும் ஏதோ சொன்னீங்க. என்னன்னு ஞாபகம் வரலை. சொல்லியிருப்பீங்க. நான்தான் எதையும் மறக்கறவளாச்சே"ன்னாங்க.

எந்திரிச்சாங்க. என் கையில இருந்து சாவியை வாங்கிட்டாங்க. வண்டியை எடுத்தாங்க. நாலு கண்ணாடியையும் இறக்கினாங்க, ஒண்ணொண்ணா, எட்டி எட்டி, கையால சுத்தி. மலைப்பக்கம் திருப்பிப் போயிட்டாங்க.

நான் உங்களைக் கேக்கறனுங்க. உண்மையைச் சொன்னேனில்ல? சொல்லாம விட்டிருந்தா யாருக்குத் தெரியும்? தானா வந்து சொன்னவனை இப்படியா விட்டுட்டுப் போறது? ஒரு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாமில்ல? ரெண்டு நாளா அதுதான் எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. என் சம்சாரத்துகிட்டச் சொல்லிப் பொலம்பினேன். அவ கேட்டுட்டு உள்ளே போயிட்டா.

முந்தா நாள் போன் வந்துச்சு. தெரியாத நம்பர். "நான் நிரஞ்சன் பேசறேன், மரகதவல்லி டீச்சர் பையன்"ன்னு. போலீசுக்குப் போவாரு, கோர்ட்டுக்குப் போவாரு, எதுன்னாலும் சரின்னு தயாராத்தான் இருந்தேன். சத்தியமாங்க.

அவரு சத்தமே போடலை. அப்பா மாதிரியே குரல். "அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. நான் போன வாரமே ஊருக்கு வந்துட்டேன், இங்க அம்மாகூடத்தான் இருக்கேன். மாத்திரை விஷயத்துல அம்மாவை ரொம்ப வதைச்சுட்டேன், பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போய் என்கூட வெச்சுக்கலாம்னு வந்தேன். ஆனா அவங்க வர மாட்டேங்கறாங்க. நான்தான் கொன்னேன், மெக்கானிக் இறக்கச் சொன்ன கண்ணாடியை நான்தான் இறக்கலை, அவரு வாய் விட்டுக் கேட்டும் இறக்கலைன்னு அதையே சொல்லிட்டு இருக்காங்க. சாப்பிடறதில்லை. வீட்டுல எல்லா ஜன்னலையும் திறந்து போட்டுட்டு அந்தக் குளிர்ல உட்கார்ந்திருக்காங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். உங்களை நான் எதுவும் பண்ணப் போறதில்லை. நீங்க நிஜமாவே கண்ணாடியை இறக்கச் சொன்னீங்களா?"

இது ஒண்ணுதாங்க கேட்டாரு.

"சொன்னேன் தம்பி"ன்னேன்.

"சரி"ன்னு சொல்லி வெச்சுட்டாரு.

அதுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடலை. நேத்து நாலு தடவை அந்த நம்பருக்கு அடிச்சேன், எடுக்கலை. இன்னைக்குக் காலையில ரெண்டு தடவை. கட் பண்ணிடறாரு. நியாயந்தானே. என்கிட்டப் பேச அவருக்கு இனி என்ன இருக்குது?

என்ன சார் அப்படிப் பார்க்கறீங்க?

இல்லைங்க. உங்ககிட்டயும் இவ்வளவு நேரமா அதையேதான் சொல்லிட்டு இருக்கேன். சொல்லிச் சொல்லி எனக்கே நிஜம் மாதிரி ஆயிருச்சு. சொன்னேன், சொன்னேன்னு.

அன்னைக்கு அவங்க கிளம்பறப்ப, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அந்தச் சத்தம். கிருபாகரன் சார் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. "மூளை கலங்கிடும் போல இருக்கே"ன்னாரு. நான் சிரிச்சேன். குனிஞ்சு, டீச்சர் பக்க ஜன்னல் வழியா...

உங்க போனைக் கொஞ்சம் குடுங்க சார். என் நம்பர்னா எடுக்க மாட்டாரு. ஒரே நிமிஷம். நம்பர் என் போன்ல இருக்குது, இருங்க, இந்தாங்க, நீங்களே போட்டுக் குடுங்க, என் கை பூரா கிரீஸ். போயிடாதீங்க, பக்கத்துலயே இருங்க.

அடிக்குது.

அடிச்சுட்டே இருக்குது.

ஹலோ? நிரஞ்சன் தம்பிங்களா? மேட்டுப்பாளையம் சென்னியப்பன் பேசறனுங்க. வெச்சுடாதீங்க தம்பி. வேற ஒருத்தர் போன்ல இருந்து பேசறேன், வெச்சுடாதீங்க. அம்மா பக்கத்துல இருக்காங்களா? அவங்களும் கேக்கட்டும். ஸ்பீக்கர்ல போடுங்க.

டீச்சர், நீங்க எதையும் மறக்கலை. நான் இறக்கச் சொல்லலை. சத்தம் தாங்கலைன்னா கண்ணாடியை நல்லா ஏத்திக்கங்க டீச்சர்னு, நான்தான் சொன்னேன்.